நம்பர் ஈசிங்க, பேருதான் தகராறு

வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடுதாசில பாதிக்கு மேல ஒரே சங்கதிதான். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, குமுளி, செங்கோட்டை, அந்தப் பக்கம் நகரி வரைக்கும் எல்லாரும் பொட்டி கட்டிட்டு நிக்கறீங்க போல, குடும்பத்தோட ஃபாரின் போறோம், போறதுக்கு முன்னாடியே அந்த ஊரு வரி நம்பரை இங்கிருந்தே வாங்கிடலாமான்னு கேக்கறீங்க. நான் பொள்ளாச்சில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல 22 வருஷம் குப்பை கொட்டுனவ, வாக்கப்பட்டது கேரளா பக்கம் கொழிஞ்சாம்பாறை, அதனால ரெண்டு பக்கத்து பேப்பரும் என் கையில பொரண்டிருக்கு. அந்த தைரியத்துல சொல்றேன், அவசரம்னா மொத கேள்விய மட்டுமாவது முழுசா படிச்சிடுங்க.

*

கேள்வி: அக்கா, நான் ஸ்டாஃப் நர்ஸ். இத்தாலிக்கு வேலை கிடைச்சிருக்கு, ஆறு மாசத்துல வீட்டுக்காரரையும் ரெண்டு பசங்களையும் கூப்பிட்டுக்கலாம்னு பிளான். அங்க கோடிச்சே ஃபிஸ்காலேன்னு ஒரு நம்பர் இல்லாட்டி சிம் கார்டு கூட வாங்க முடியாதாமே. நாலு பேருக்கும் சேத்து வாங்கித் தர ஒரு ஏஜென்ட் தலைக்கு ஆறாயிரம் கேக்கறாரு. குடுக்கலாமா? இன்னொரு பிரச்சனை, எங்க நாலு பேரு பாஸ்போர்ட்லயும் சர்நேம் வேற வேற மாதிரி இருக்கு, பெரியவனுக்கு அந்த இடமே காலியா கெடக்கு. (கொழிஞ்சாம்பாறை வாசகி)

பதில்: ஆறாயிரத்தை பீரோலயே வை கண்ணு. அந்த நம்பருக்கு இத்தாலி கவர்மென்ட் ஒரு பைசா வாங்கறதில்ல. அங்க போய் வரி ஆபீஸ்ல பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம், போறதுக்கு முன்னாடியே வேணும்னா இத்தாலி கான்சுலேட் மூலமா வாங்கலாம், உங்க ஏரியா எந்த கான்சுலேட்டுக்குக் கீழ வருதுன்னு அவங்க சைட்லயே போட்டிருப்பாங்க. எல்லாத்துக்கும் மேல, வேலைக்கு வர்றவங்களுக்கும் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கறவங்களுக்கும் அங்க இருக்கற இமிக்ரேஷன் கவுன்டர்ல, அதாவது அவங்க கலெக்டர் ஆபீஸ் மாதிரியான இடத்துல, நுல்லா ஓஸ்தான்னு ஒரு அனுமதி பேப்பர் போடுவாங்கல்ல, அதோட சேத்தே இந்த நம்பரையும் போட்டுடற வழக்கம் உண்டு. அதனால உன் பேப்பர் கையில வந்ததும் மொதல்ல அதுல நம்பர் இருக்கான்னு பாரு. இருக்கறத விட்டுட்டு இன்னொரு தடவை அப்ளை பண்ணி ரெண்டு நம்பர் ஆயிடுச்சுன்னா அதை ஒண்ணாக்க அலையற அலைச்சல் ஏஜென்ட் படமாட்டான், நீதான் படுவ.

இது சிம் கார்டுக்கு மட்டும் இல்ல. வீட்டு வாடகை அக்ரிமென்ட், பேங்க் அக்கவுன்ட், சம்பளம், ஆஸ்பத்திரி கார்டு, பசங்க ஸ்கூல் எல்லாத்துலயும் இதைத்தான் கேப்பாங்க. அங்க பொறக்கற கொழந்தைக்கே இது உண்டு, அதனால பசங்க சின்னவங்கதானே அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுடாத.

இப்ப ஏன் பேரைப் பத்தி இவ்ளோ கத்தறேன்னு சொல்றேன். நம்ம ஆதார் நம்பர் இருக்கே, அதுக்கும் நம்ம பேருக்கும் சம்பந்தம் கெடையாது, சும்மா 12 எண்ணு. இத்தாலி நம்பர் அப்படி இல்ல, உன் பேரையும் பொறந்த தேதியையும் பிழிஞ்சு எடுத்துதான் அந்த 16 எழுத்தும் எண்ணும் வருது. மொத மூணு சர்நேம்ல இருந்து, அடுத்த மூணு பேர்ல இருந்து, அப்புறம் பொறந்த வருஷம் ரெண்டு எண்ணு, மாசத்துக்கு ஒரு எழுத்து, தேதிக்கு ரெண்டு எண்ணு, பொறந்த இடத்துக்கு நாலு, கடைசில ஒரு சரிபார்ப்பு எழுத்து. பொம்பளைங்களுக்கு தேதியோட 40-ஐ கூட்டிக்குவாங்க, 12-ஆம் தேதி பொறந்த பொண்ணுக்கு அங்க 52-ன்னு வரும், பாத்துட்டு தப்பா போட்டுட்டாங்கன்னு பதறி சண்டைக்குப் போயிடாத.

சரி, முருகன்னு சர்நேம், கவிதான்னு பேருன்னு வச்சுக்க. சர்நேம்ல உயிரெழுத்தை விட்டுட்டு மெய்யெழுத்தா பொறுக்குவாங்க, எம் ஆர் ஜி. பேருக்கும் அதே மாதிரிதான், ஆனா மெய்யெழுத்து நாலோ அதுக்கு மேலயோ இருந்தா ரெண்டாவதை விட்டுட்டு ஒண்ணு மூணு நாலுன்னு எடுப்பாங்க. இங்கதான் வெனை. கவிதாவை ஹெச் போட்டு எழுதினா கே வி டி ஹெச்னு நாலு மெய், அதனால கே டி ஹெச்னு வரும். ஹெச் இல்லாம எழுதினா கே வி டி. அதே பொண்ணு, அதே அப்பன், ஒரு ஹெச்சுல நம்பரே மாறிப்போச்சு! நம்ம ஊருல கவிதாவுக்கு ஸ்கூல் சர்ட்டிபிகேட்ல ஹெச் இருக்கும், ஆதார்ல இருக்காது, பாஸ்போர்ட் எடுத்தப்ப அக்ஷயா இ-சேவை சென்டர்ல இருந்த பையன் என்ன டைப் பண்ணானோ அது அவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

பொறந்த இடம்னு அவங்க கேக்கறது நமக்கு நாட்டோட முடிஞ்சுடும், இந்தியாவுக்கு இசட்222. எங்க மாமியாரு பொறந்தப்ப எங்க கொழிஞ்சாம்பாறை இருக்கற சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யம், இந்தப் பக்கம் கூப்பிடு தூரத்துல பொள்ளாச்சி மெட்ராஸ் மாகாணம், 1956-ல மாநில எல்லைக்குக் கோடு கிழிச்சப்ப நாங்க பேசறது தமிழா இருந்தாலும் கேரளாவுக்குப் போயிட்டோம். அந்தக் கதையெல்லாம் இத்தாலிக்காரனுக்கு வேண்டாம், எல்லாருக்கும் 222 தான்.

உன் வீட்டு சர்நேம் விஷயத்துக்கு வரேன். உனக்கு சர்நேம் வீட்டுக்காரர் பேரு, அவருக்கு சர்நேம் அவங்க அப்பா பேரு, சின்னவனுக்கு வீட்டுக்காரர் பேரு, பெரியவனுக்கு காலி, அப்படித்தானே? நமக்கு இது சாதாரணம், இனிஷியல் போடற சனம் நாம. வெளிநாட்டு ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்கு இது நாலு தனித்தனி குடும்பம். அதுக்காக எல்லாருக்கும் ஒரே சர்நேம் வைக்கணும்னு எந்த சட்டமும் கெடையாது, மேரேஜ் சர்ட்டிபிகேட்டும் பர்த் சர்ட்டிபிகேட்டும் இந்த நாலு பேரையும் கோத்துக் கட்டற நூலு மாதிரி இருந்தா போதும். அதாவது பெரியவனோட பர்த் சர்ட்டிபிகேட்ல அப்பா பேரு என்ன ஸ்பெல்லிங்ல இருக்கோ அதே ஸ்பெல்லிங் அப்பா பாஸ்போர்ட்லயும் இருக்கணும். உங்க பஞ்சாயத்துல வாங்கின சர்ட்டிபிகேட்ல வீட்டுப்பேரோட முதலெழுத்தை முன்னாடி போட்டிருப்பாங்க, அது கேரளா பழக்கம், பாஸ்போர்ட்ல அது இருக்காது. இதையெல்லாம் எடுத்து வச்சு ஒரு ராத்திரி சாப்பிட்டு முடிச்சுட்டு டைனிங் டேபிள்ல பரப்பி ஒவ்வொரு எழுத்தா கைவிரல் வச்சுப் பாருங்க, ரெண்டு பேரும் சேந்து பாருங்க, ஒருத்தர் பாத்தா கண்ணுல படாது.

பெரியவனோட காலி சர்நேமை மட்டும் விட்டுடாத. பாஸ்போர்ட் ரீஇஷ்யூ போட்டு அவங்க அப்பா பேரை சர்நேம்ல ஏத்திடுங்க, விசா அடிக்கறதுக்கு முன்னாடி. நம்பர் மொதல்ல வாங்கிட்டு பாஸ்போர்ட்டை அப்புறம் மாத்தினா நம்பரும் மாறணும், அப்புறம் பேங்க், ஆஸ்பத்திரி, ஸ்கூல்னு ஒவ்வொரு எடமா ஏறி எறங்கணும்.

இன்னொண்ணு, பேரும் தேதியும் போட்டா இந்த நம்பரைக் கணக்குப் போட்டுக் குடுக்கற சைட் எக்கச்சக்கம் இருக்கு. உங்க ஏஜென்ட் அதுல அடிச்சுதான் பிரின்ட் எடுத்து லேமினேட் பண்ணி ஆறாயிரம் வாங்குவாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம். கணக்குல வர்ற நம்பர் சும்மா கணக்கு அவ்ளோதான், வரி ஆபீஸ் ரிஜிஸ்டர்ல ஏறினாதான் அது நம்பர். ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வந்துட்டா அவங்களே எண்ணை மாத்திக் குடுப்பாங்க, அது அந்த சைட்டுக்குத் தெரியாது.

*

கேள்வி: வணக்கம்ங்க அக்கா. என் மனைவி ஜெர்மனில நர்ஸா இருக்கா, போய் எட்டு மாசம் ஆச்சு. நானும் பொண்ணும் பையனும் கிளம்பப் போறோம். கெளம்பறதுக்கு முன்னாடியே எங்க மூணு பேருக்கும் அந்த ஊரு வரி நம்பர், ஸ்டோயர் ஐடி வாங்க முடியுமா? முடியும்னு இங்க ஒருத்தரு சொல்றாரு, ஃபீஸ் மட்டும் யூரோல கட்டணுமாம். (வேலந்தாவளம் வாசகர்)

பதில்: யூரோல கட்டறதுன்னா அந்த ஒருத்தருகிட்ட இருந்து ரெண்டடி தள்ளியே நில்லுங்க தம்பி. ஜெர்மனி கதை இத்தாலிக்கு நேர் எதிர். இங்கிருந்து வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம், அதுவா வரும். நீங்க அங்க போய் வீட்டுல குடியேறி ரெண்டு வாரத்துக்குள்ள டவுன் ஆபீஸ்ல அன்மெல்டுங்னு விலாசம் பதிவு பண்ணணும், அதுக்கு வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேணும். பதிவு ஆனதும் கொஞ்ச வாரத்துல பான் நகரத்துல இருக்கற அவங்க மத்திய வரி ஆபீஸ்ல இருந்து ஆளுக்கொரு லெட்டர் வரும், அதுல 11 எண்ணு. (பான் கார்டுக்கும் பான் ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, என்கிட்ட ஒருத்தர் நெஜமாவே கேட்டாரு.) கைக்கொழந்தைக்கும் தனி லெட்டர் வரும், சாகற வரைக்கும் அதே நம்பர்தான், ஊரு மாறினாலும் வேலை மாறினாலும் மாறாது.

தபால்ல வரும்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் எங்க வீட்டுல அடி வாங்கினோம். என் தங்கச்சி பையன் போன புதுசுல ஒரு பழைய கட்டடத்துல மூணாவது மாடி. அந்த ஊருல போஸ்ட்மேன் கதவு நம்பரைப் பாக்க மாட்டாரு, கீழ இருக்கற தபால் பொட்டில என்ன பேரு ஒட்டியிருக்கோ அதைத்தான் பாப்பாரு. இவன் பொட்டில முன்னாடி குடியிருந்தவங்க பேரு. ஓனர் மாத்தறேன் மாத்தறேன்னு சொல்லி மாத்தவே இல்ல, இவனும் நம்ம ஊரு மாதிரி போஸ்ட்மேன் விசாரிச்சுக் கொண்டாந்து குடுப்பாருன்னு இருந்துட்டான், லெட்டர் வந்த வழியே திரும்பிப் போச்சு. நம்பர் குடுக்காததால கம்பெனில சம்பளத்துல ஆறாம் வரி கிளாஸ்னு போட்டு வரி புடிச்சாங்க, அதுதான் இருக்கறதுலயே அதிகம், மொத சம்பளத்தைப் பாத்துட்டு ராத்திரி போன் போட்டு அழுதான். அப்புறம் திரும்பக் கேட்டு லெட்டர் வாங்கி, புடிச்ச காசெல்லாம் சரியாகி வர்றதுக்குள்ள மூணு மாசம் அரிசியும் தயிரும்தான். அதனால ஏர்போர்ட்ல எறங்கி வீட்டுக்குப் போனதும் சூட்கேஸை தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல உங்க மூணு பேரு பேரையும் எழுதி பொட்டில ஒட்டுங்க, பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே எழுதுங்க. சர்நேம் வேற வேறன்னா மூணும் எழுதணும். உங்க மனைவி பேரு ஏற்கனவே ஒட்டியிருக்கும், அது போதும்னு நெனைக்காதீங்க, அவங்க சர்நேம் வேற உங்க சர்நேம் வேறன்னா போஸ்ட்மேனுக்கு நீங்க யாரோ.

இங்க இருந்து செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, மேரேஜ் சர்ட்டிபிகேட்டும் பசங்க பர்த் சர்ட்டிபிகேட்டும் ஜெர்மன்ல மொழிபெயர்ப்பு, அதுக்குன்னு சத்தியப்பிரமாணம் எடுத்த டிரான்ஸ்லேட்டர்கிட்ட. விலாசம் பதியறப்ப கல்யாணமானவங்கன்னு ஏறினாதான் ரெண்டு பேருக்கும் நாலாம் வரி கிளாஸ் வரும், நீங்க வேலை தேடற வரைக்கும் மனைவிக்கு மூணு உங்களுக்கு அஞ்சுன்னு மாத்திக் கேட்டா கையில வர்ற சம்பளம் நல்லா கூடும். பசங்களுக்கு கிண்டர்கெல்ட்னு மாசாமாசம் பணம் உண்டு, 2025-ல ஒரு புள்ளைக்கு 255 யூரோ. அதுக்கு அப்ளை பண்ண பசங்களோட வரி நம்பரும் உங்க நம்பரும் வேணும், லேட்டா போட்டா பின்தேதிக்கு ஆறு மாசம்தான் தருவாங்க, அதுக்கு முன்னாடி போனது போனதுதான். இதெல்லாம் வரி நம்பரோட நேரா சேந்த சமாச்சாரம்னுதான் சொல்றேன், மத்தபடி ஜெர்மனில எனக்கு என்ன தெரியும், நான் பாலக்காட்டைத் தாண்டினதே நாலு தடவை.

சம்பளத்துக்கு இன்னொரு நம்பர், பென்ஷன் நம்பர்னு கேப்பாங்க, அது வேற. சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு வரி ஆபீஸ் தர்ற நம்பர் அதுவும் வேற. குழப்பிக்காதீங்க.

*

கேள்வி: அம்மா, எங்க மருமகன் ஹெச்-1பி வேலை விசால அமெரிக்கா போறாரு, மகளும் மூணு வயசுப் பேத்தியும் குடும்பத்துக்குன்னு குடுக்கற ஹெச்-4 விசால கூடவே போறாங்க. அவருக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வருமாம், மகளுக்கும் பேத்திக்கும் வராதாம். அப்போ அவங்களுக்கு என்ன நம்பர்? இங்க இருந்தே எடுத்துக் குடுத்து அனுப்பலாம்னு பாக்கறோம். (குமுளி வாசகி)

பதில்: எடுத்துக் குடுத்து அனுப்ப அது ஊறுகாய் பாட்டில் இல்லீங்கம்மா. அவங்களுக்கு வேண்டியது 'ஐடின்'ங்கற வரி நம்பர், ஐ டி ஐ என், ஒம்போது எண்ணு, 9-ல ஆரம்பிக்கும். அதை முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது, ஏன்னா வரிக் கணக்கு தாக்கல் பண்ண தேவை இருந்தாதான் தருவாங்க. மருமகன் மொத வருஷ ரிட்டர்ன் போடறப்ப, அதோட டபிள்யூ-7 ஃபார்மை மகளுக்கு ஒண்ணு பேத்திக்கு ஒண்ணுன்னு சேத்து அனுப்பணும். சாதாரணமா ஏப்ரல் 15 கடைசி தேதி.

இதுல எல்லாரும் பயப்படறது பாஸ்போர்ட்டுக்குத்தான். ஃபார்மோட ஒரிஜினல் பாஸ்போர்ட்டை தபால்ல அனுப்பணும், இல்லாட்டி பாஸ்போர்ட் குடுத்த இடத்துலயே சான்று வாங்கின நகல் அனுப்பணும், நோட்டரி அடிச்சதெல்லாம் எடுபடாது. வாரக்கணக்குல பாஸ்போர்ட் கையில இல்லாம இருக்கறது யாருக்குத்தான் புடிக்கும், ஊருல ஒரு நல்லது கெட்டதுன்னா வரவேண்டாமா. அதுக்கு வழி இருக்கு, வரி ஆபீஸே சரிபாக்க அனுமதி குடுத்த ஏஜென்டுங்க அங்க இருக்காங்க, பாஸ்போர்ட்டை நேர்ல பாத்துட்டு திருப்பிக் குடுத்துடுவாங்க, அவங்க ஃபீஸ் வாங்குவாங்க, அது நியாயமான செலவு. வரி ஆபீஸோட உதவி மையத்துலயும் அப்பாயின்ட்மென்ட் போட்டு இதைச் செய்யலாம்.

பேத்திக்கு ஐடின் வந்தா புள்ளைங்களுக்குன்னு குடுக்கற பெரிய வரிச்சலுகை கெடைக்காது, அதுக்கு கொழந்தைக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வேணும். வேற ஒரு 500 டாலர் சலுகை இருக்கு, அது கெடைக்கும். மூணு வருஷம் தொடர்ந்து ரிட்டர்ன்ல பயன்படுத்தலேன்னா ஐடின் காலாவதி ஆயிடும், இதை மருமகன்கிட்ட சொல்லி வைங்க. நாளைக்கு ரெண்டாவது பேரனோ பேத்தியோ அங்கயே பொறந்தா அதுக்கு ஆஸ்பத்திரில எழுதற ஃபார்ம்லயே நேரா சோஷியல் நம்பருக்குப் போட்டுடலாம், ஒரே வீட்டுல அக்காவுக்கு 9-ல ஆரம்பிக்கற நம்பர் தம்பிக்கு வேற நம்பர், அதுவும் ஒரு கூத்துதான்.

*

கேள்வி: அக்கா, நாங்க நகரில இருக்கோம், வீட்டுல தமிழ், பேப்பர்ல எல்லாம் தெலுங்கு. ஆஸ்திரேலியா போறோம். பசங்களுக்கு இங்க பான் கார்டு எடுத்து வைக்கணுமா? எங்க இன்டி பேரு, அதான் குடும்பப் பேரு, முன்னாடி வருது, பான்ல தலைகீழா வந்திருக்கு, அது பிரச்சனையா? ஏற்கனவே ஒரு தடவை போட்ட கார்டு வந்தே சேரல. (நகரி வாசகர்)

பதில்: உங்க பக்கத்துல ஒரு சௌகரியம் இருக்குங்க, இன்டி பேரு வீட்டுல எல்லாருக்கும் ஒண்ணு, அப்படியே சர்நேம்ல போட்டுக்கலாம், எங்களை மாதிரி அப்பன் பேரு தாத்தன் பேருன்னு அல்லாட வேண்டாம். பான்ல தலைகீழா வந்தது அச்சுல மட்டும்தானா, இல்ல லாஸ்ட் நேம் கட்டத்துலயே மாறிப் பதிஞ்சிருச்சான்னு பாருங்க. பான் நம்பரோட அஞ்சாவது எழுத்து சர்நேமோட மொத எழுத்து. அது இன்டி பேரோட எழுத்தா இருந்தா சரியாத்தான் ஏறியிருக்கு. இல்லேன்னா கரெக்ஷன் போடுங்க, நம்பர் அதேதான் இருக்கும், பேரு மட்டும் பாஸ்போர்ட்டோட ஒத்துப் போயிடும். அப்ளிகேஷன்ல இனிஷியலை அப்படியே ஒத்தை எழுத்தா போடக்கூடாது, விரிச்சுதான் எழுதணும், உங்க ஊரு மீசேவா இ-சேவை சென்டர்ல அவசரத்துல போட்டுடுவாங்க, பக்கத்துல நின்னு ஸ்கிரீனைப் பாருங்க.

பசங்களுக்கு பான், தேவை இருந்தா எடுங்க. அவங்க பேர்ல டெபாசிட் இருக்கு, மியூச்சுவல் ஃபண்ட் இருக்கு, தாத்தா நெலம் எழுதி வச்சிருக்காருன்னா எடுத்துடறது நல்லது, இங்க உள்ளூர் விலாசத்துக்கு கார்டு வர 107 ரூபா, வெளிநாட்டு விலாசத்துக்கு அனுப்பச் சொன்னா 1017 ரூபா, அந்த ஒரு காரணமே போதும் கெளம்பறதுக்கு முன்னாடி முடிக்கறதுக்கு. பெரியவங்களுக்கு ஆதார் வச்சு உடனே ஃப்ரீயா எடுக்கற மாதிரி சின்னப் பசங்களுக்கு முடியாது, அப்பா அம்மா கையெழுத்துப் போட்டு அப்ளை பண்ணணும். கார்டுல போட்டோவும் கையெழுத்தும் இருக்காது, 18 ஆனதும் அப்டேட் பண்ணணும். பசங்க பேர்ல ஒண்ணுமே இல்லேன்னா எடுக்காட்டியும் குடி முழுகாது.

கார்டு வரலைங்கறீங்களே, விலாசத்துல சித்தூர்னு போட்டு பின்கோடு தப்பா போட்டீங்களா? எங்களுக்கும் ஒரு சித்தூர் இருக்கு பாருங்க, 678-ல ஆரம்பிச்சா பாலக்காட்டு சித்தூர், 517-ன்னா உங்க சித்தூர். பக்கத்து வீட்டு அம்மாவோட கார்டு ஒண்ணு ஆந்திராவெல்லாம் சுத்திட்டு வந்துச்சு, இவங்க காளஹஸ்தி கூடப் போனதில்ல.

முக்கியமானது உங்க ரெண்டு பேரு பான்தான். ஆதாரோட லிங்க் ஆகியிருக்கான்னு கெளம்பறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. வெளிநாட்டுல குடியிருக்கறவங்களுக்கு லிங்க் கட்டாயம் இல்லதான், ஆனா நீங்க என்.ஆர்.ஐ.ன்னு வருமான வரி சைட்ல மாத்தி வச்சாதான் அவங்களுக்குத் தெரியும். 2023 ஜூன் 30 கெடு முடிஞ்சப்ப இதை மாத்தாத எத்தனையோ பேரோட பான் செயலிழந்து போச்சு, இங்க டெபாசிட் வட்டில கூடுதலா வரி புடிச்சாங்க. பேங்க்லயும் சொல்லி சேவிங்ஸை என்.ஆர்.ஐ.க்குன்னு இருக்கற என்.ஆர்.ஓ. அக்கவுன்டா மாத்திடுங்க, அதுல வர்ற வட்டிக்கு 30 சதவீதமும் அது மேல செஸ்ஸும் புடிப்பாங்க, ஷாக் ஆகாதீங்க. கெளம்பற தேதி உங்க கையில இருந்தா இதையும் யோசிங்க, வேலைக்காக வெளிநாடு போறவங்க அந்த நிதியாண்டுல 182 நாளுக்குக் கம்மியா இந்தியால இருந்தா அந்த வருஷமே என்.ஆர்.ஐ. கணக்குதான், ஏப்ரல் 1-ல இருந்து எண்ணினா செப்டம்பர் 28-க்குள்ள பிளைட் ஏறி, மார்ச் வரைக்கும் திரும்பி வராம இருக்கணும். தீவாளிக்கு அப்புறம் போறேன்னா அந்த வருஷம் அங்க வாங்கற சம்பளமும் இங்க கணக்குல வரும்.

ஆஸ்திரேலியா நம்பரை மறந்தே போனேன். டி.எஃப்.என்.னு பேரு, அங்க போய் எறங்கினப்புறம் ஆன்லைன்ல போடணும், காசில்ல, 28 நாளுக்குள்ள வீட்டுக்குத் தபால்ல வரும். பசங்களுக்கு உடனே வேண்டாம். வேலைல சேந்து 28 நாளுக்குள்ள குடுக்கலேன்னா அதிகபட்ச ரேட்ல புடிப்பாங்க, அதனால எறங்கின மறுநாளே போட்டுடுங்க.

*

கேள்வி: வெளிநாடு போகணும்னா எல்லாரும் வரி பாக்கி இல்லேன்னு சர்ட்டிபிகேட் வாங்கணும்னு சட்டம் வந்துடுச்சாமே, ஏர்போர்ட்ல நிறுத்திடுவாங்களா? (செங்கோட்டை வாசகர்)

பதில்: இல்லீங்க. 2024 பட்ஜெட் சமயத்துல வாட்ஸ்அப்ல சுத்தின புரளி அது, எங்க தெருவுலயே மூணு பேரு பயந்துட்டு வந்தாங்க. வரித்துறையே அப்புறம் விளக்கம் குடுத்துச்சு, பெரிய பண முறைகேட்டு விசாரணைல இருக்கறவங்க, 10 லட்சத்துக்கு மேல வரி பாக்கி நின்னு அதுக்குத் தடையும் வாங்காதவங்க, இப்படி சில பேருக்குத்தான். உங்களுக்கு பாக்கி 10 லட்சத்துக்கு மேலயா இருக்கு? இருந்தா எனக்கு எழுத மாட்டீங்க, வக்கீலுக்கு எழுதியிருப்பீங்க.

*

கேள்வி: எங்க அண்ணன் மஸ்கட்ல இருக்காரு, அண்ணியும் குழந்தைகளும் இப்பப் போறாங்க. அவங்களுக்கு வரி நம்பர் என்ன வாங்கணும்? (களியக்காவிளை வாசகி)

பதில்: ஒண்ணும் வாங்க வேண்டாம். ஓமான்ல இப்ப ஆள் வருமானத்துக்கு வரியே கெடையாது, அங்க எல்லாத்துக்கும் கேக்கறது ரெசிடென்ட் கார்டுதான், அண்ணன் ஸ்பான்சர் பண்ணி எடுத்துடுவாரு. 2028 ஜனவரில இருந்து வரி போடறாங்கன்னு சட்டம் வந்திருக்கு, வளைகுடா நாடுகள்லயே மொதமொதலா இவங்கதான், ஆனா வருஷத்துக்கு 42,000 ரியாலுக்கு மேல சம்பாதிச்சாதான், அதுவும் அதுக்கு மேல வர்றதுக்கு மட்டும் 5 சதவீதம். 42,000 ரியால்னா நம்ம காசுல எவ்ளோன்னு அண்ணன்கிட்டயே கேளுங்க, சிரிப்பாரு. நீங்க பாக்க வேண்டியது அண்ணி பாஸ்போர்ட்ல அண்ணன் பேரும் மேரேஜ் சர்ட்டிபிகேட்ல அண்ணன் பேரும் ஒண்ணா இருக்கான்னு, களியக்காவிளைல பாதிப் பேருக்கு கல்யாணம் பதிஞ்சது பாறசாலை பக்கம், பாஸ்போர்ட் எடுத்தது இந்தப் பக்கம், ஒண்ணுல வீட்டுப்பேரு இன்னொண்ணுல இனிஷியல்னு இருக்கும். இன்னிக்கே எடுத்துப் பாருங்க, வித்தியாசம் இருந்தா எனக்கு மறுபடியும் எழுதுங்க, ரெண்டோட ஜெராக்ஸையும் சேத்து வைங்க.